நைட் ட்யூட்டி முடிஞ்சு முழங்கால் போட்டா தூக்கந்தான் வருது அக்கா

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு நாகர்கோவில் பக்கம், சென்னையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன், தங்குறது ஹாஸ்டல்ல. மாசத்துல பாதி நாள் நைட் ட்யூட்டி, ராத்திரி எட்டுல இருந்து காலைல எட்டு வரைக்கும். வீட்டுல காலைல அஞ்சு மணிக்குக் குடும்ப ஜெபம்னு வளந்தவ நான். இப்போ ரூமுக்கு வந்து முழங்கால் போட்டா அப்படியே கட்டில்ல தலைய சாச்சுத் தூங்கிடறேன். ஒரு வருஷத்துல பைபிள் முடிக்கணும்னு ஜனவரியில அட்டவணை போட்டேன், மூணாவது புத்தகம் லேவியராகமத்தோட நின்னு போச்சு. அம்மா போன் பண்ணி "ஜெபம் பண்ணியா மக்ளே"ன்னு கேட்டா பண்ணிட்டேன்னு பொய் சொல்றேன். ரூம்மேட் கூடவும் ஈஸ்டர்ல இருந்து பேச்சு இல்ல, ட்யூட்டி மாத்தித் தர்றேன்னு சொல்லிட்டு கடைசி நேரத்துல முடியாதுன்னுட்டா, அதிகாலை ஆராதனைக்கே போக முடியல, அது கெடக்கட்டும். ஆண்டவர விட்டு ரொம்ப தூரம் போயிட்ட மாதிரி இருக்கு. எங்க இருந்து திரும்ப ஆரம்பிக்க? (பேர் போட வேண்டாம்)

பதில்: மொதல்ல தூங்கு தங்கச்சி. கிண்டல் இல்ல, நெசமாத்தான் சொல்றேன். எலியா தீர்க்கதரிசி கதை ஞாபகம் இருக்கா, 1 இராஜாக்கள் 19. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிப்போய் வனாந்தரத்துல ஒரு சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து, போதும் கர்த்தாவே என்னை எடுத்துக்கும்னு சொல்லிட்டுப் படுத்துத் தூங்கிடறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்புறான், எதுக்கு? ஏன் ஜெபம் பண்ணலன்னு கேக்கவா? எந்திரிச்சு சாப்பிடுன்னு சொல்றான். தலமாட்டுல பாத்தா தணல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும். சாப்பிட்டுட்டு மனுஷன் திரும்பவும் படுத்துடறார், அப்பவும் திட்டு இல்ல, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பாடுதான். "நீ இங்க என்ன பண்ற"ங்கிற கேள்வியெல்லாம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன அப்புறந்தான் வருது. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தவ கட்டில்ல தலைய சாச்சா அதுக்கு விசுவாசக் குறைவுன்னு பேர் வைக்காத. (ஆஃப் நாள்ல நல்லாத் தூங்கியும் மனசு இதே கனமா இருந்தா டாக்டரப் பாரு, நர்ஸுக்கு நான் சொல்லணுமா.)

அந்த அட்டவணைய எடுத்து உள்ள வை. பைபிள்ல மொத்தம் 1189 அதிகாரம், தினம் மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சுன்னு படிச்சா வருஷத்துல முடியும்னு ஞாயிறு பள்ளியிலயே சொல்லித் தந்திருப்பாங்க, கணக்கு சரிதான், ஆனா அது ராத்திரி தூங்கி காலைல முழிக்கிறவங்களுக்கான கணக்கு. நானும் நாலஞ்சு வருஷம் ஃப்ரிட்ஜ்ல சார்ட் ஒட்டி வச்சு, ஒவ்வொரு வருஷமும் அதே லேவியராகமத்துல குஷ்டரோகச் சட்டம் வர்ற எடத்துல தடுக்கி விழுந்தவதான்.

உனக்கு நான் சொல்றது சங்கீதம் 120ல இருந்து 134 வரைக்கும், பதினஞ்சே சங்கீதம், ஆரோகண சங்கீதம்னு தலைப்புலயே போட்டிருக்கும். எருசலேமுக்குப் பண்டிகைக்கு ஏறிப் போறவங்க வழியில பாடுனதுன்னு சொல்வாங்க, வழியில பாடுறது நீளமாவா இருக்கும், 132 மட்டும் 18 வசனம், மத்த எதுவும் ஒம்பதத் தாண்டாது. ஒரு நைட்டுக்கு ஒண்ணு, ட்யூட்டிக்குக் கெளம்பும்போது ஷூ மாட்டுறதுக்கு முன்னாடி வாசிச்சுடு. இதுல எத்தனை ராத்திரி வருதுன்னு பாரு. 121ல உன்னைக் காக்கிறவர் உறங்கார்னு வருது, அதாவது அவருக்கும் நைட் ட்யூட்டிதான், அவருக்கு ஆஃபே கெடையாது. 130ல எப்போ விடியும்னு காத்திருக்கிற ஜாமக்காரன், அதாவது ராத்திரி காவக்காரன், வர்றான், காலைல நாலு மணிக்கு வார்டுல கடிகாரத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கிற உனக்கு அந்த வசனத்துக்குப் பிரசங்கமே வேண்டாம். 127 தமக்குப் பிரியமானவனுக்கு அவரே தூக்கம் குடுக்கிறார்னு சொல்லுது. கடைசி 134, மூணே வசனம், யாரப் பாத்து பாடுறாங்க தெரியுமா, ராத்திரி நேரத்துல ஆலயத்துல நிக்கிற ஊழியக்காரங்களப் பாத்து. ராத்திரி நிக்கிறவங்களுக்குன்னே தனியா ஒரு சங்கீதம் இருக்கு, நீ என்னடான்னா அஞ்சு மணி போச்சேன்னு அழுதுட்டு இருக்க.

அடுத்தது கை. சோப்பு போட்டுக் கழுவ 40ல இருந்து 60 செகண்ட், சானிடைசர்னா 20ல இருந்து 30ன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றத சிங்க்குக்கு மேல படம் போட்டே ஒட்டியிருப்பாங்க. கர்த்தருடைய ஜெபத்த அவசரப்படாம சொல்லிப் பாரு, அரை நிமிஷம்தான் ஆகும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனின்னு தேச்சுட்டே சொன்னா தண்ணி விட்டு அலசுறதுக்குள்ள முடிஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் வேண்டாம், மெஷின் மாதிரி ஆயிடும், ஷிஃப்ட்டுக்கு மூணு தடவ போதும். இது ஒரு ஜெபமான்னு கேப்ப. பைபிள்ல நெகேமியா, ராஜாவுக்குப் பானம் ஊத்திக் குடுக்கிறவர், ராஜா முன்னாடி நிக்கிறார், உனக்கு என்ன வேணும்னு ராஜா கேக்குறான், இவர் தேவனை நோக்கி ஜெபம் பண்ணிட்டு பதில் சொன்னார்னு எழுதியிருக்கு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல எத்தனை செகண்ட் இருந்திருக்கும்! வெயின் கெடைக்காத பாட்டி கையப் பிடிச்சுக்கிட்டு "ஆண்டவரே"ன்னு மூச்சு விடுவியே, அந்த சைஸ்தான். நம்ம குமரி மாவட்டத்து நெய்யூர்ல மிஷன் மருத்துவ வேலை 1838லயே ஆரம்பிச்சாச்சு, நம்ம ஊர்க்காரங்க ஆஸ்பத்திரி வேலைய ஊழியத்துல இருந்து தனியாப் பிரிச்சுப் பாத்ததே இல்ல, நீ மட்டும் ஏன் பிரிக்கிற?

எங்கம்மா உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி அள்ளி தகர டின்ல போடுவாங்க, ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்குப் போகும், கைப்பிடி அரிசி உங்க வீட்டுலயும் இருந்திருக்கும். மிசோரம் சபைகள்ல நூறு வருஷத்துக்கும் மேலா இத விடாம பண்றாங்க, ஊழியத்துக்குப் பெரிய பணமே அதுல இருந்து வருது. எங்கம்மா என்ன ஜெபம் பண்ணாங்கன்னு எனக்கு ஒரு வரி கூட ஞாபகம் இல்ல, வெறும் டின்ல அரிசி விழுற சத்தம் மட்டும் காதுலயே இருக்கு. நீ மெஸ்ல சாப்பிடறவ, அரிசிக்கு எங்க போவ, உன்கிட்ட ஒரு பிடி எது இருக்குன்னு நீயே பாத்துக்கோ. விடிய விடிய ஸ்டூல்ல உக்காந்திருக்கிற அட்டெண்டருக்கு ஒரு டீயாக் கூட இருக்கலாம்.

சண்டே ட்யூட்டி விழுந்தா சாயங்கால ஆராதனை இருக்கிற கோயிலாப் பாத்துப் போ. யூடியூப்ல ஓட விட்டுட்டுக் குறட்டை விடறதக் கணக்குல சேக்காத.

அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடு. "அந்த நேரத்துல நான் ப்ளட் சாம்பிள் எடுத்துட்டு இருப்பேம்மா, எனக்கும் சேத்து நீங்க பண்ணுங்க"ன்னு சொல்லு. ரெண்டு நாள் வருத்தப்படுவாங்க, அப்புறம் அஞ்சு மணி ஜெபத்துல உன் வார்டையும் சேத்துக்குவாங்க பாரு, அதுவும் குடும்ப ஜெபந்தான்.

இப்போ நீ "அது கெடக்கட்டும்"னு தள்ளிட்டுப் போனியே, அந்த விஷயம். முழுக் கடிதத்துலயும் எனக்குக் குத்துனது அந்த ஒரு வரிதான். தூக்கம் போச்சு, நேரம் இல்லன்னு இவ்வளவு எழுதிட்டு, ஒரே ரூம்ல ரெண்டு கட்டிலுக்கு நடுவுல நாலடி தூரத்துல இருக்கிறவள ஒரு கமாவுக்குள்ள அடக்கிட்ட. காணிக்கையோட வந்து நிக்கும்போது ஒருத்தருக்கு உன் மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கேயே வச்சுட்டு மொதல்ல போய் சமாதானமாகுன்னு மத்தேயு 5ல இருக்கு. அவ வாக்கு மாறுனது தப்புதான், உன் கோவமும் நியாயந்தான். ஆனா அவ ஏன் கடைசி நேரத்துல மாட்டேன்னு சொன்னான்னு நீ கேட்டியா? உன் கடிதத்துல அது இல்ல.

நான் சொன்ன மாதிரி சிங்க்ல நின்னு கர்த்தருடைய ஜெபத்த சொல்லிட்டு வந்தா "நாங்கள் மன்னிக்கிறதுபோல"ங்கிற எடம் எனக்குக் கட்டைவிரல் தேய்க்கிறப்போ வருது, உனக்கும் அங்கதான் வரும்னு நெனைக்கிறேன். அங்க வந்து நாக்கு இடறுச்சுன்னா இடறட்டும், மேல போகாத, அவ பேரச் சொல்லிட்டு அலசு. காலைல ட்யூட்டி முடிஞ்சு வர்ற வழியில ரெண்டு டீயா வாங்கிட்டு வா. அவ தூங்கிட்டு இருந்தா எழுப்பாத, மூடி வை.