தெரியாதுங்க தொரை!

போன இதழில், பழைய நகைச்சுவைத் தொடர்களில் எனக்கு மறக்கவே முடியாத ஆள் ‘ஃபோல்ட்டி டவர்ஸ்’ மனுவெல்தான் என்று ஒரு மூலையில் இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் வழக்கமான அரசியல் கேள்விகளை விட அதிகம். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் மனுவெலுக்கே. தேர்தல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கே: யார் இந்த மனுவெல்? பெயரைக் கேட்டால் நம்ம ஊர் தச்சுவேலை ஆள் மாதிரி இருக்கிறது. (ஒரு வாசகி, கொட்டகலை)

ப: இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டோர்க்கி என்று ஓர் ஊர். அங்கே ஒரு சின்ன ஹோட்டல், அதுதான் ஃபோல்ட்டி டவர்ஸ். முதலாளி பேசில் எப்போதும் கத்திக்கொண்டிருப்பவர். அவரையே அடக்குகிற மனைவி சிபில். எல்லாச் சிக்கலையும் அவிழ்க்கிற பொலி என்ற பெண். அப்புறம் பார்சலோனாவிலிருந்து வந்து அங்கே வெயிட்டராக நிற்கும் மனுவெல். ஆங்கிலம் அரைகுறை, மீசை அடர்த்தி, முகத்தில் பாதி நேரம் பயமும் மீதி நேரம் பெருமையும். பி.பி.சி.யில் 1975இல் ஆறு பாகம், 1979இல் ஆறு பாகம், அவ்வளவுதான் தொடரே. எழுதியவர்கள் ஜோன் கிளீஸும் கொனி பூத்தும். அவர்கள்தான் பேசிலாகவும் பொலியாகவும் நடித்தார்கள்.

கே: கதாநாயகன் பேசில்தான். ஆனால் என் மகன் போனில் போட்டுக் காட்டியபோது வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது மனுவெலைத்தான். கொஞ்ச நேரமே வருகிறவன் எப்படி மனதில் ஒட்டிக்கொள்கிறான்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்)

ப: ஐயா, பேசில் ஒவ்வொரு பாகத்திலும் எதையாவது மறைத்துக்கொண்டு ஓடுகிறவர். சில சமயம் காசு, சில சமயம் குற்றம், ஒரு பாகத்தில் பிணமே. மற்றவர்களும் ஆளுக்கொரு கணக்கோடுதான் நிற்கிறார்கள். கணக்கே இல்லாமல், சொன்னதைச் சொன்னபடி செய்துவிட வேண்டும் என்று உயிரை விடுகிறவன் மனுவெல் மட்டும்தான். அந்த வீட்டில் நேர்மையாகத் தப்புச் செய்கிற ஒரே ஆள் என்று சொல்லலாம்.

கட்டட வேலை நடக்கும் பாகத்தைப் பாருங்கள். பேசில் மனைவியோடு வெளியே போகிறார், பொலி சற்றுக் கண்ணயர்கிறாள், வரவேற்பு மேசை மனுவெல் கையில். பேசில் தொலைபேசியில் எடுத்து விசாரிக்கிறார். முதலாளியிடமே “முதலாளி இல்லை” என்கிறான். அது முடிந்து, அங்கே தாடி வைத்த வேலையாள் யாராவது நிற்கிறானா, நின்றால் அவனை அசிங்கமான குரங்கு என்று சொல் என்கிறார் பேசில். மனுவெல் திரும்பி, மரியாதையாக, ஒரு சொல் பிசகாமல் அப்படியே சொல்கிறான். அடுத்து கேட்பது அடி விழும் சத்தம். வசைபாடியவர் எங்கேயோ பத்திரமாக இருக்கிறார், அடி வாங்கியது எடுபிடி. மேலேயிருந்து வந்த உத்தரவைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆட்களை நம் தேயிலைத் தோட்டங்களில் பார்த்திருக்கிறோமே, அதனால்தான் உங்கள் வீட்டில் அவனைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கே: நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு பரிமாறும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்துத் தேடிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மேலாளரும் விருந்தினர் முன்னால் அப்படித்தான் கத்துவார். அடி மட்டும் இல்லை. இதில் என்ன நகைச்சுவை?

ப: தம்பி, உங்கள் கேள்வியை நாலு தடவை வாசித்தேன். சிரிப்பு வரவில்லையென்றால் சிரிக்க வேண்டாம். எனக்கே அந்தத் தொடரில் சில இடங்கள் இப்போது பிடிப்பதில்லை. ஒருவன் உச்சரிப்பை மட்டும் வைத்துச் சிரிக்க வைக்கிற இடங்கள் பழசாகிப் போய்விட்டன, அதைப் பூசி மெழுக வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆனால் முதல் பாகத்திலேயே ஒரு காட்சி. தட்டங்களில் வெண்ணெய் அதிகம் என்று பேசில் மனுவெலிடம் ஆங்கிலத்தில் சொல்கிறார். ‘அந்தத் தட்டங்களில்’ என்பது ஆங்கிலத்தில் ‘ஒன் தோஸ் ட்ரேஸ்’. அது மனுவெல் காதில் ‘உனோ தோஸ் த்ரேஸ்’ என்று விழுகிறது, அதாவது ஸ்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று. ஐயோ பாவம், முதலாளி எண்ணத் தடுமாறுகிறாரே என்று பொறுமையாகத் திருத்திக் கொடுக்கிறான் அவன்! அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன்தான் வாத்தியார். பேசிலோ, தான் படித்தது செவ்வியல் ஸ்பானிய மொழி, இவன் பேசுவது ஏதோ விசித்திரமான கொச்சை என்று பெருமையடிப்பவர். இவனை ஏன்தான் வேலைக்கு எடுத்தாய் என்று சிபில் கேட்டால், சம்பளம் குறைவு, கற்றுக்கொள்ளும் ஆசை இருக்கிறது என்கிறார். இந்த ‘சம்பளம் குறைவு’ என்ற காரணத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி, மன்னார் வழியாகக் கண்டிச் சீமைக்கு, அதாவது இந்த மலைநாட்டுக்கு, நடந்ததும் அதே காரணத்துக்குத்தானே.

அந்தக் காலத்தில் சின்னத்துரைகள், அதாவது வெள்ளைக்கார உதவி நிர்வாகிகள், தோட்டத்தில் வேலை வாங்கத் தமிழ் படிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று அச்சிட்ட ஒரு கைப்புத்தகத்தின் பெயரே ‘இங்கே வா’. ஒரு மொழியில் முதன்முதலாகப் படிக்கிற சொல் அதட்டலாக இருந்தால் மீதியெல்லாம் எப்படி இருக்கும்? பேசிலின் ஸ்பானியப் படிப்பும் அந்த ஜாதிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பாகத்தில் பேசில், சிபிலுக்குத் தெரியாமல் குதிரைப் பந்தயத்தில் காசு கட்டி ஜெயிக்கிறார். “உனக்கு ஒன்றும் தெரியாது, புரிகிறதா?” என்று மனுவெலிடம் அழுத்திச் சொல்லி வைக்கிறார். கடைசியில், அந்தக் காசு தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அவருக்கு இருக்கும் ஒரே சாட்சி மனுவெல். எல்லாரும் பார்க்க, சொல்லடா சொல் என்று கெஞ்சுகிறார். மனுவெல் நெஞ்சை நிமிர்த்தி, விசுவாசம் முகத்தில் வழிய, “எனக்கு ஒன்றும் தெரியாது!” என்கிறான். மொத்தத் தொடரிலும் இதுதான் எனக்கு உச்சம்.

ஏனென்றால் எங்கள் அப்பாயி வாயில் கேட்டு வளர்ந்த சொல் அது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில், வேலை வாங்கும் கங்காணி நின்றுகொண்டு, ரோட்டோரத்துக் கருப்பந்தேயிலை மரத்தை யார் வெட்டினது என்று கேட்பாராம். நாற்பது பேரும் ஒரே குரலில் “தெரியாதுங்க”. அந்த நேரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை முழுக்கப் புகை, நாற்பது அடுப்பிலும் அந்த விறகுதான். பின்னால் துரை வந்து கேட்பார், “தெரியாதுங்க தொரை”. இவர்களுக்கு மண்டையில் ஒன்றுமில்லை என்று துரை தலையில் அடித்துக்கொண்டு போவாராம். அப்பாயி இதைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்து வெற்றிலை எச்சில் சேலையில் வழியும். தெரியாது என்பதை அவர்கள் ஒரு குடை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டார்கள்.

மனுவெல் அப்படித் தந்திரமாகச் சொல்கிறவன் இல்லை, அவன் நிஜமாகவே நம்பிச் சொல்கிறான், அது வேறு. ஆனால் அந்த வார்த்தை விழுந்ததும் முதலாளி முகம் போகிற போக்கைப் பார்க்கையில் எனக்கு அப்பாயி ஞாபகம்தான். உங்கள் மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். விருந்தினர் முன்னால் கத்துவது எந்த ஊரிலும் ஹோட்டல் தொழிலுக்கு அழகில்லை. தேதி, நேரம், என்ன சொன்னார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தனியாகப் போகாமல், கூட வேலை செய்கிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அதற்கும் சரிவரவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கே: நடித்தவர் உண்மையிலேயே ஸ்பெயின்காரரா? (பல்கலைக்கழக மாணவி, பதுளை)

ப: இல்லை தங்கச்சி. அன்ட்ரூ சாக்ஸ், 1930இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா யூதர். நாஜிகளின் கொடுமை முற்றியதும் 1938இல் குடும்பம் லண்டனுக்குத் தப்பி வந்தது. ஆங்கிலம் தெரியாத ஊரில், எட்டு வயதுப் பையனாக, பாஷை புரியாமல் வகுப்பில் உட்கார்ந்த அனுபவம் அவருக்கு நிஜத்திலேயே உண்டு. வேடிக்கை என்னவென்றால், மனுவெல் வேடத்தைக் கொடுத்தபோது, ஸ்பானிய உச்சரிப்பு சரியாக வருமோ என்று பயந்து, ஜேர்மன்காரனாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். நல்ல வேளை, கிளீஸ் ஒத்துக்கொள்ளவில்லை. 2016இல் காலமானார்.

கே: அந்த அடியெல்லாம் நிஜமா? (மாணவன், தலவாக்கலை)

ப: பெரும்பாலும் நடிப்பு. ஆனால் ஒரு தடவை சட்டியால் உண்மையாகவே நன்றாக விழுந்துவிட்டது. தீப்பிடிக்கும் காட்சியில் சட்டையிலிருந்து புகை வரவைக்கப் பூசிய இரசாயனம் சாக்ஸின் தோலையே பொசுக்கியது. அதற்கு பி.பி.சி. 700 பவுண் நட்டஈடு கொடுத்தது.

கே: தங்கள் நாட்டுக்காரனை இப்படிக் கேலி செய்ததற்கு ஸ்பெயினில் கோபப்படவில்லையா? (வாசகர், பண்டாரவளை)

ப: அவர்கள் கெட்டிக்காரர்கள். ஸ்பானிய மொழியில் குரல் மாற்றியபோது மனுவெலை இத்தாலிக்காரனாக்கி, பாவ்லோ என்று பெயரும் மாற்றிவிட்டார்கள். பார்சலோனா இருக்கும் கட்டலோனியாவின் மொழியில் வந்தபோது அவன் மெக்சிக்கோக்காரன். எவனாவது ஒருவன் பக்கத்து ஊர்க்காரனாக இருந்தால் போதும், எல்லாருக்கும் சிரிப்பு வரும். நாமும் மட்டக்களப்புத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், இந்தியத் தமிழ் என்று மாறி மாறிப் பழித்துக் காட்டிச் சிரிக்கிறவர்கள்தானே.

கே: மஸ்கெலியாவிலிருந்து கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம். நான் சிங்களம் கதைத்தால் கூட நிற்கிற பொடியன்கள் சிரிக்கிறார்கள். வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. மனுவெலுக்குக் கூச்சமே இல்லையா அண்ணே?

ப: இல்லை, அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்தது. ஒரு காட்சியில், பங்களாச் சுவர்களில் மரைத் தலை மாட்டியிருப்பார்களே, அதுபோல ஒரு பெரிய மான் தலையைப் பேசில் ஹோட்டலுக்கு வாங்கி வந்திருக்கிறார். அது மேசையில் கிடக்க, பின்னால் மறைந்து வேலை செய்துகொண்டே மனுவெல் தனக்குத்தானே ஆங்கிலம் பேசிப் பழகுகிறான். நான் நன்றாக ஆங்கிலம் பேசுவேன், புத்தகத்தில் படித்தேன் என்கிறான். அந்தப் பக்கமாக வந்த வயசான மேஜர், மான்தான் பேசுகிறது என்று நம்பி அதோடு பேச்சுக் கொடுக்கிறார். ஆளில்லாத நேரத்தில்கூடப் படித்துப் பார்க்கிறான் பாருங்கள், அவனை யார் சிரித்தால் என்ன?

1956க்குப் பிறகு சிங்களத்தில் மட்டும் வந்த அரசாங்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடி லயம் லயமாக அலைந்தவர்களின் பேரன் நீங்கள். 1987இல் தமிழும் அரச கரும மொழி என்று சட்டத்தில் எழுதினார்கள், ஆனால் கடையில் நிற்கிற உங்களுக்கு அந்தச் சட்டம் துணி விற்றுக் கொடுக்காது. கதையுங்கள் தம்பி. சிரிக்கிற பொடியன்களைக் கூப்பிட்டு, துணி அளக்கிற சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தரச் சொல்லுங்கள். பதிலுக்கு அவர்களுக்குத் தமிழில் பத்து வரை எண்ணச் சொல்லிக் கொடுங்கள். ‘ஏழு’ என்று சொல்ல வைத்துப் பாருங்கள், அப்புறம் யார் சிரிக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

கே: கடைசிப் பாகத்தில் மனுவெல் ஓர் எலி வளர்க்கிறானாமே? (சிறுமி, ஹப்புத்தளை)

ப: ஆமாம் குட்டி. 1979 ஒக்டோபரில் வந்த பாகம். கடைக்காரன் அது சைபீரியாவிலிருந்து வந்த ஹம்ஸ்டர் என்ற செல்லப்பிராணி என்று சொல்லி விற்றுவிட்டான், மனுவெலும் நம்பி அறையில் வைத்துச் செல்லமாக வளர்க்கிறான். ஹோட்டல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வந்து நிற்கும் நேரம் பார்த்து அது தப்பி ஓடிவிடுகிறது. கடைசியில் அது பிஸ்கட் டின்னுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த அதிகாரியையே எட்டிப் பார்க்கும். அந்த எலிக்கு அவன் வைத்த பெயர் பேசில். அன்பினால் வைத்தானா, வேறு எதனாலா என்று அவனைக் கேட்டால் என்ன சொல்வான் என்று உனக்கே தெரியும்.