எட்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கே? வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பதில்

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 21 பேர். எங்கள் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். கடைசி வருடத்தைப் பெற்றோரோடு சேர்ந்து திட்டமிடலாம் என்று கூட்டம் போட்டேன். ஏழு பேர்தான் வந்தார்கள். ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை, மாமல்லபுரம் சுற்றுலா என்றே பேச்சு ஓடியது. ஒரு தாய் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: எழுந்து போன அந்தத் தாயிடமிருந்து தொடங்குங்கள். துணிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு ஏறியதும் சுருக்குப் பையில் இருப்பதை மனத்துக்குள் எண்ணிப் பார்த்திருப்பார். அவர் வீட்டுக்கே போங்கள். விழாப் பேச்சை எடுக்காதீர்கள். "ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளையை எங்கே சேர்க்கப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கடைசி வருடத் திட்டம் என்று எதைச் சொன்னாலும் அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது. பொங்கலுக்குள் 21 பேருக்கும் பதில் கிடைத்துவிட்டால் உங்கள் வேலையில் முக்கால் பங்கு முடிந்தது.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும் வரைதான் துணைக்கு வருகிறது. ஏப்ரலில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிள்ளை ஜூனில் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை என்றால், பழைய பள்ளி "எங்கள் பிள்ளை இல்லை" என்கிறது. புதிய பள்ளிக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்துவைக்கும் எமிஸ் இணையதளத்தில், எந்தப் பள்ளியிலும் சேராதவர்களின் பொதுத் தொகுப்பில் பெயர் மட்டும் கிடக்கும்.

கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். பகல் 11 மணிக்குக் கூப்பிட்டால் அவ்வளவுதான் வருவார்கள். நூறு நாள் வேலைக்குப் போனவர் அட்டையைக் கொடுத்துவிட்டு நடுவில் வர முடியுமா? மாலை ஆறரைக்கு மேல், பள்ளியில் இல்லாமல் கோயில் திண்ணையிலோ ரேஷன் கடை வாசலிலோ வைத்துப் பாருங்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் வீடுகள் உங்கள் பக்கம் நிறைய. அவர்களிடம் கிளம்புவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவையும் இழுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் அவர்களைத் தேடும் பழக்கத்தை இந்த வருடமாவது விட்டுவிடலாம்.

ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்தப் பள்ளி, எப்படிப் போவது, என்னென்ன சான்றிதழ் கையில் இருக்கிறது, வங்கிக் கணக்கு உண்டா, வீட்டில் முடிவெடுப்பவர் யார். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்பா தலையாட்டிவிட்டார் என்று நாம் நிம்மதியாக இருப்போம். முடிவு தாய்மாமன் கையில் இருக்கும்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு மாலை முழுவதும் உட்காருங்கள். எல்லோரையும் ரேஷன் அட்டை, ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மஞ்சள் பையிலிருந்து அவை வெளியே வரும்போதுதான் கூத்து தெரியும். ஆதாரில் முருகவேல், பள்ளிப் பதிவேட்டில் முருகவேலு, ரேஷன் அட்டையில் வெறும் வேலு. தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை. பிறந்த தேதி, பள்ளியில் சேர்த்த வருடம் யாரோ தோராயமாகச் சொன்னது. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எமிஸ் விவரங்களிலிருந்துதான் எடுக்கப்படும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு ஓர் எழுத்தை மாற்றவும் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். இப்போது என்றால் உங்கள் மேசையிலேயே பாதி வேலை முடியும்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் பயணம், பிள்ளைகள் சேரப்போகும் உயர்நிலைப் பள்ளிக்கு இருக்கட்டும். தாய்மார்களையும் அழைத்துப் போங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அவர்கள்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: என் மகள் எட்டாவது படிக்கிறாள். வகுப்பில் முதல் மாணவி. உயர்நிலைப் பள்ளி 7 கிலோமீட்டர். மாலைப் பஸ் ஊருக்கு வர ஆறரை ஆகிவிடும். வயதுக்கு வந்த பெண்ணை அனுப்ப முடியாது, வீட்டில் இருக்கட்டும் என்கிறார் கணவர்.
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அம்மா, கணவரிடம் வாதாடாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று பிரித்துக் கேளுங்கள். பஸ்ஸா, பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் வழியா, ஊர் வாயா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பஸ் நேரம் என்றால், அதே வழியில் போகும் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் மனு கொடுங்கள். ஒரு வீட்டு மனுவைவிட பத்து வீட்டு மனுவுக்கு மரியாதை அதிகம். அரசுப் பஸ்ஸில் மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கும் கட்டணமில்லை. உங்கள் வழியில் அந்தப் பஸ் ஓடுகிறது என்றால் முதல் சில நாட்கள் நீங்களே கூடப் போய் வரலாம். வழிதான் பயம் என்றால், ஊரிலிருந்து போகும் பெண் பிள்ளைகளை ஒரே கூட்டமாகச் சேர்த்து அனுப்புங்கள். அதுவும் முடியாதா? அரசு விடுதி இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் மாணவர்களுக்கு 8 கிலோமீட்டர் தூர நிபந்தனை உண்டு. மாணவியருக்கு அது கிடையாது. விடுதியை ஒருநாள் கணவரும் நேரில் பார்க்கட்டும்.

ஊர் வாய்க்கு என்னிடம் மருந்து இல்லை. எதைச் செய்தாலும் அது பேசும்.

தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வை மகள் கட்டாயம் எழுத வேண்டும். எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுத முடியும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் தாளில் 90 கேள்வி, பாடத் தாளில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000, அவள் பெயரில் உள்ள கணக்குக்கே வரும். "பெண்ணைப் படிக்கவைத்து என்ன வரும்" என்று கேட்கும் மனிதருக்கு இந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கல்யாணப் பேச்சு எழுந்தால் மட்டும் பொறுமை காட்ட வேண்டாம். 18 வயதுக்கு முன் அது சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு நீங்களே அழைக்கலாம், உங்கள் மகளும் அழைக்கலாம்.

கேள்வி: ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீடு தேடி வந்து, ஒன்பதாம் வகுப்புக்கு முதல் வருடம் பாதிக் கட்டணம் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இரண்டாவது வருடம் எவ்வளவு என்று கேட்டீர்களா? எழுத்தில் வாங்குங்கள். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020இலும் பொறியியல், சட்டம், வேளாண்மை போன்றவற்றில் 2021இலும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) ஆறிலிருந்து பன்னிரண்டு வரையிலான அதே கணக்கைத்தான் பார்க்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. மூன்று வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதில் தாண்டினால் இவை போயின. விதி மாறியிருக்கிறதா என்பதை முடிவெடுக்கும் முன் கல்வி உதவி எண் 14417இல் கேட்டுக்கொள்ளுங்கள். சலுகைக்காக மட்டும் ஒரு பள்ளியில் பிள்ளையைக் கட்டிப்போடவும் சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. எட்டு முடிந்ததும் மெக்கானிக் கடையில் விடலாம் என்று இருக்கிறேன்.
– வாசகர், அரியலூர்

பதில்: 14 வயது முடியாத பிள்ளையை எந்தக் கடையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. அதற்கு மேலும் 18 வரை ஆபத்தான வேலைகளுக்குத் தடை. கையால் செய்யும் வேலையில்தான் ஆர்வம் என்றால், வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு அரசு ஐ.டி.ஐ.யில் சேரலாம். சான்றிதழும் கிடைக்கும். அதற்கு முன், படிப்பு ஏறவில்லையா, கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று பார்த்துவிடுங்கள். கேலிக்காகச் சொல்லவில்லை.

கேள்வி: விடைபெறும் பிள்ளைகள் சார்பில் ஆசிரியர்களுக்குப் பரிசு வாங்க வீட்டுக்கு 300 ரூபாய் வசூலிக்கிறோம். சரிதானே?
– பெற்றோர் ஒருவர், சேலம்

பதில்: சரியில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தவர் பெயரை எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கொடுக்காதவர் யார் என்பதும் அதைப் பார்த்தால் தெரியும்.