பிட்ச் எத்தனை நானோமீட்டர்? வேவ்கைட் பேட்டன்ட் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏ.ஆர். கண்ணாடிக்கான (எதிரே தெரியும் காட்சியின் மேலேயே படம் காட்டும் கண்ணாடி) ஒளி வேவ்கைட், அதாவது படத்தின் ஒளியைக் கண்வரை கொண்டுவரும் மெல்லிய தகடு, பற்றியவை. தொடங்கும் முன் ஒன்று. இரண்டு பேர் இன்னும் தாக்கல் செய்யாத வரைபடத்தை இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். திறக்கவில்லை. விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை வரைபடம் உங்கள் வீட்டு அலமாரியை விட்டு வெளியே வரக் கூடாது. எனக்கும் அனுப்ப வேண்டாம்.

"கிரேட்டிங் பிட்ச் 200 முதல் 2000 நானோமீட்டர் வரை" என்று கிளெய்ம் (உரிமை கோரும் வாசகம்) எழுதினோம். விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விவரித்துத் தாக்கல் செய்யும் ஆவணம்) இதற்கு ஆதாரம் இல்லை என்கிறார் பேட்டன்ட் அலுவலக எக்ஸாமினர். பரந்து எழுதினால்தானே பாதுகாப்பு?
– பொறியியல் மாணவர், வல்லம்

இயற்பியல் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவுதான் பரந்து எழுத முடியும். உங்கள் வாக்கியத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரேட்டிங் என்பது தகட்டில் உள்ள நுண்பள்ளங்களின் வரிசை, பிட்ச் என்பது அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களுக்கு இடைப்பட்ட தூரம். பச்சை ஒளி 532 நானோமீட்டர், தகட்டின் ஒளிவிலகல் எண் 1.8, ஒளி நேர்குத்தாக விழுகிறது. அலைநீளத்தைப் பிட்ச்சால் வகுத்து வரும் எண் 1-க்கு மேலும் 1.8-க்குக் கீழும் இருந்தால்தான் கிரேட்டிங் பிரித்துச் சாய்க்கும் முதல் வரிசைக் கதிர் தகட்டுக்குள் சிக்கும். பிட்ச் 200 என்றால் 2.66 வருகிறது. அந்த வரிசையே தோன்றாது. 2000 என்றால் 0.27. கதிர் தோன்றும், ஆனால் எட்டு ஒன்பது டிகிரிதான் சாயும். உள்ளேயே சிக்க வேண்டுமென்றால் மாறுநிலைக் கோணமான சுமார் 34 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். அதனால் எதிர் முகத்தைத் தொட்டதுமே வெளியே போய்விடும். கிளெய்மின் இரண்டு முனையும் வேலை செய்யவில்லை.

மிஞ்சுவது சுமார் 300 முதல் 530 வரை. அதிலும் 30 டிகிரி பார்வைப் புலம் வேண்டுமென்றால் இரண்டு ஓரக் கதிர்களும் சிக்க வேண்டும், தகட்டோடு படுத்து ஓடாமல் 75 டிகிரிக்குள் நிற்கவும் வேண்டும். அப்போது 360 முதல் 420 வரைதான் தேறும். இந்தக் கணக்கை எக்ஸாமினர் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார். நீங்கள் தாக்கல் செய்வதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

இனி செய்யக்கூடியது: பேட்டன்ட் சட்டம் பிரிவு 59-இன்படி கிளெய்மைக் குறுக்கலாம், விரிக்க முடியாது. குறுக்கும் எண்ணுக்கும் நீங்கள் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் வேர் இருக்க வேண்டும். உதாரணப் பகுதியில் "பிட்ச் 400" என்று எங்காவது எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுதவில்லை என்றால் இப்போது சேர்க்க வழியில்லை. தாக்கல் நாளில் தாளில் இருந்த எண்தான் எண்.

காரைக்காலில் இருக்கிறோம். எந்த அலுவலகம்?

சென்னை, கிண்டி. புதுச்சேரி முழுவதும் அதன் எல்லைக்குள்தான். தாக்கல் இணையத்தில், விசாரணை காணொலியில். ரயில் ஏற வேண்டியதில்லை.

பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியுள்ளேன். என்ன பதில் எழுதுவது? விவரம் போதாது என்கிறார்கள், வரைபடம்தான் தெளிவாகப் போட்டிருக்கிறோமே?
– மன்னார்குடி

முதல் பக்கத்தில் இருப்பது சுருக்க அட்டவணை. அதை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. பகுதி 2-இல்தான் எந்த ஆவணத்தின் எந்தப் பத்தி உங்கள் எந்தக் கிளெய்மை அடிக்கிறது என்று இருக்கும். பகுதி 3 படிவக் குறைகள். முழு அறிக்கையையும் படித்துவிட்டு எழுதுங்கள். அறிக்கை வெளியான நாளும் படத்தில் இல்லை. பதில் தர ஆறு மாதம், அந்த நாளிலிருந்து ஓடுகிறது. போதாது என்றால் படிவம் 4 போட்டு மூன்று மாதம் வரை கூடுதலாகக் கேட்கலாம், அதையும் ஆறு மாதம் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். சும்மா விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

விவரம் போதாது என்ற ஆட்சேபம் பற்றி: "ப்ரொஜெக்டர்", "வேவ்கைட்", "கண்" என்று மூன்று பெட்டி போட்டு அம்புக்குறி இழுத்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தெளிவான படம், போதுமான விவரம் அல்ல. இந்தத் துறை தெரிந்த ஒருவர் உங்கள் தாளை மட்டும் வைத்துக்கொண்டு தகட்டைச் செய்ய முடிய வேண்டும். தகட்டின் தடிமன், ஒளிவிலகல் எண், உள்வாங்கும் கிரேட்டிங்கின் அகலம், பள்ளத்தின் ஆழம், சாய்வு, எந்தப் பொருளில் எப்படி அச்சிட்டது, இரு முகங்களின் இணைத்தன்மை, இவை எல்லாம் வேண்டும்.

எண் ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தகடு 0.7 மில்லிமீட்டர், கதிர் உள்ளே 48 டிகிரியில் ஓடுகிறது. ஒரே முகத்தை அடுத்த முறை தொட சுமார் 1.55 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். உள்ளே விடும் கற்றை அதைவிடக் குறுகலாக இருந்தால் வெளிவரும் கற்றைகளுக்கு நடுவே இடைவெளி விழும், கண்ணை நகர்த்தினால் படத்தில் இருண்ட பட்டை தெரியும். கற்றை அதைவிட அகலம் என்றால் அதில் ஒரு பகுதி உள்வாங்கும் கிரேட்டிங்கிலேயே மறுபடி மோதி வந்த வழியே வெளியேறும், வெளிச்சம் போகும். இந்த இழுபறியை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்பதுதான் கண்டுபிடிப்பாக இருக்கும். பெட்டிப் படத்தில் அது எங்கே?

கல்லூரியில் என் மகள் உள்பட 12 பேர் பெயரில் ஏ.ஆர். கண்ணாடிக்குப் பேட்டன்ட் கிடைத்துவிட்டதாக பேனர் வைத்தார்கள். சான்றிதழ் எப்போது வரும்? எத்தனை ஆண்டு உரிமை?
– ஒரு தகப்பனார், கும்பகோணம்

ஐயா, உங்கள் மகள் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய தாள் வெள்ளிக்கிழமைதோறும் வரும் பேட்டன்ட் இதழின் ஒரு பக்கம். விண்ணப்பம் வெளியிடப்பட்டது என்பது மட்டுமே அதன் பொருள். அதை இன்னும் எந்த எக்ஸாமினரும் படிக்கவில்லை. படிவம் 9-ஐயும் உரிய கட்டணத்தையும் (கல்விநிறுவனத்துக்கு 2,500 ரூபாய்) கொடுத்தால் யாருடைய விண்ணப்பமும் ஒரு மாதத்துக்குள் இப்படி வெளியாகும். கொடுக்காவிட்டால் 18 மாதம் கழித்துத் தானாக வெளியாகும். சான்றிதழ் இல்லை, உரிமை இல்லை. 20 ஆண்டு என்பது பேட்டன்ட் வழங்கப்பட்டால் தாக்கல் நாளிலிருந்து எண்ணப்படுவது.

டெல்டா முழுக்க, கல்லூரிக்குக் கல்லூரி இந்தப் பேனரைப் பார்க்கிறேன். மதிப்பெண் பட்டியலுக்கும் தரவரிசைக்கும் எண்ணிக்கை தேவைப்படுகிறது, அதற்காக வெளியீட்டையே வெற்றி என்று காட்டுகிறார்கள். இது பொய் என்பதோடு நிற்பதில்லை, பிள்ளைகளுக்கு நிரந்தர நஷ்டம். வெளியான நாளிலிருந்து அந்த விண்ணப்பம் உலகம் முழுவதற்கும் ப்ரையர் ஆர்ட், அதாவது ஏற்கெனவே வெளிப்பட்ட விஷயம். பரிசோதனைக்குக் கோரும் படிவம் 18-ஐப் போடாமல் விட்டால் பிரிவு 11பி-இன்படி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். உரிமையும் போயிற்று, ரகசியமும் போயிற்று. இரண்டு வருடம் கழித்து உங்கள் மகள் அதே யோசனையை ஒழுங்காக அளந்து, நல்ல எண்களோடு புதிதாக விண்ணப்பித்தால், எக்ஸாமினர் எதிராகக் காட்டும் முதல் ஆவணம் அவர் பெயர் போட்ட இந்தப் பழைய தாளாகவே இருக்கும். முந்தையதன் மேம்பாடு என்று கூடுதல் பேட்டன்ட் கேட்கலாமே என்றால், மூல விண்ணப்பத்துக்கு வழங்கல் ஆகாமல் கூடுதலும் வழங்கப்படாது.

12 பெயர் விஷயமும் சரியில்லை. சட்டம் கேட்பது உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளரை. துறைத் தலைவர், முதல்வர், ஆய்வகச் சாவி வைத்திருப்பவர் என்று மரியாதைக்காகப் பெயர் சேர்க்க அது கல்யாணப் பத்திரிகை அல்ல. கிரேட்டிங்கை அப்படி வைக்கலாம் என்று யார் யோசித்தாரோ அவர் பெயர் மட்டும் வர வேண்டும்.

உங்களால் செய்ய முடிந்தது இருக்கிறது. விண்ணப்ப எண்ணை வைத்து அலுவலகத் தளத்தில் நிலையைப் பாருங்கள். படிவம் 18 போட்டதாக இல்லையென்றால், தாக்கல் நாளிலிருந்து 31 மாதத்துக்குள் போட வைக்க வேண்டும். 2024 மார்ச் 15-க்கு முன் தாக்கல் ஆனதற்குப் பழைய 48 மாதக் கெடு. கல்விநிறுவனக் கட்டணம் 4,000 ரூபாய்தான். விண்ணப்பதாரர் மட்டுமல்ல, அக்கறையுள்ள வேறு நபரும் பரிசோதனை கோரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பேனருக்கு ஆன செலவில் இது முடிந்திருக்கும்.

பகுதி எதிரொளிக்கும் ஐந்து கண்ணாடிகளைத் தகட்டுக்குள் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றின் எதிரொளிப்பையும் படிப்படியாகக் கூட்டியிருக்கிறோம். 2001-ஆம் ஆண்டு இஸ்ரேல் ஆவணத்தைக் காட்டி புதுமை இல்லை என்கிறார்கள்.
– சிறு நிறுவனம், துவாக்குடி

லூமஸ் நிறுவனத்தின் யாக்கோவ் அமிதாய் தாக்கல் செய்தது அது. இந்த வகை வேவ்கைட்டுக்கு விண்ணப்பித்தால் அதைத் தாண்டாமல் போக முடியாது. தேடாமல் தாக்கல் செய்தது உங்கள் தவறு. படிப்படியாகக் கூட்டுவது கண்டுபிடிப்பு அல்ல, கணக்கு. ஐந்திலிருந்தும் மூல ஒளியில் 8 சதவீதம் வீதம் வெளிவர வேண்டுமென்றால் 8, 8.7, 9.5, 10.5, 11.8 சதவீதம் என்று வைத்தாக வேண்டும். பள்ளி மாணவனும் போடுவான். ஒரே கதிர் அந்தக் கண்ணாடிகளை இரண்டு வேறு கோணங்களில் சந்திக்கிறது, வேண்டாத கோணத்தில் எதிரொளித்தால் பேய்ப் படம் வரும், அதைப் பூச்சால் அடக்குவது என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது.

உங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று விவரக்குறிப்பைத் துழாவிப் பாருங்கள். பூச்சு அடுக்குகளின் வரிசையா, ஒட்டும் பசையின் ஒளிவிலகல் எண்ணைப் பொருத்திய விதமா, துண்டுகளை ஒட்டி வெட்டும்போது கோணம் விலகாமல் பிடித்த முறையா? கண்ணாடியைச் செய்து பார்த்தவர்களிடம் இந்த மூன்றாவது பெரும்பாலும் இருக்கும், எழுதத்தான் மறந்திருப்பார்கள்.

பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால் கண்ணாடியில் இன்றைய எழுத்தில் தெரியும்படி செய்திருக்கிறோம். பேட்டன்ட் தர முடியாதவற்றைச் சொல்லும் பிரிவு 3-இல் 3(கே), 3(எஃப்) இரண்டு ஆட்சேபமும் போட்டுவிட்டார்கள்.
– தஞ்சாவூர்

நல்ல பயன்பாடு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் கடையில் வாங்கிய கண்ணாடி, கடையில் வாங்கிய கேமரா, எழுத்தறியும் மென்பொருள் மூன்றும் தத்தம் வேலையைத் தனித்தனியாகச் செய்தால் 3(எஃப்) சரியான ஆட்சேபம். கணினி நிரலை அதுவாகவே கோரினால் 3(கே). தொழில்நுட்ப விளைவு இருந்தால் பார்க்க வேண்டும் என்று 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அலானி வழக்கில் சொன்னது உங்களுக்குத் துணை. அந்த விளைவை நீங்கள்தான் காட்ட வேண்டும். வெயில் விழும் கருங்கல் சுவரில் எழுத்து வெளுத்துப்போகாமல் இருக்க, சுவரின் வெளிச்சத்தை அளந்து ப்ரொஜெக்டரை மாற்றுகிறீர்களா? எப்படி, எத்தனை அளவில்? அது விவரக்குறிப்பில் இருந்தால் கிளெய்மை அங்கே கொண்டுபோங்கள்.

எந்த வகுப்பில் தேடுவது?
– திருவாரூர்

பேட்டன்ட் வகைப்பாட்டில் ஜி02பி 27/01-இல் தொடங்குங்கள், தலையில் அணியும் ஒளிக் கருவிகள் 27/017-இல். கண்பெட்டியை (கண்ணை நகர்த்தினாலும் படம் தெரியும் இடம்) பெரிதாக்குவது 27/0081. ஒளிவழித் தகடுகள் ஜி02பி 6/00, கிரேட்டிங் 5/18, ஹோலோகிராம் 5/32. "வேவ்கைட்" என்ற சொல்லை மட்டும் போட்டால் ஃபைபர் ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் கொட்டும். "லைட் கைடு", "சப்ஸ்ட்ரேட்" என்ற சொற்களையும் போடுங்கள். 2001 ஆவணத்தின் தலைப்பில் "வேவ்கைட்" என்ற சொல்லே கிடையாது. ஹோலோகிராம் வழி என்றால் 1987-இல் யூரிஸ் உபட்னியெக்ஸ் பெற்ற அமெரிக்கப் பேட்டன்ட்வரை பின்னால் போக வேண்டும்.

விவரக்குறிப்பைத் தமிழில் தரலாமா?

இப்போதைக்கு முடியாது. விதி 9 ஆங்கிலம் அல்லது இந்தி என்கிறது. தமிழில் யோசித்து, தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு மொழிபெயருங்கள். எண்கள் விடுபடாது.

ஆய்விதழில் கட்டுரை வந்து எட்டு மாதம் ஆகிறது. 12 மாதம் சலுகை உண்டு என்கிறார்களே?
– உதவிப் பேராசிரியை, மயிலாடுதுறை

பிரிவு 31-ஐப் பாதி படித்தவர்கள் சொன்னது. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை அல்லது அந்தச் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டில் வந்த கட்டுரை, இவற்றுக்குத்தான் அந்த 12 மாதம். சாதாரண ஆய்விதழுக்கு இல்லை, கல்லூரிக் கண்காட்சிக்கும் இல்லை. கட்டுரையில் எழுதாதது ஏதாவது மிச்சமிருந்தால், அச்சு வார்ப்பு முறையோ பிட்ச் எண்களோ, அதை மட்டும் தாக்கல் செய்யுங்கள். முதலில் தாக்கல், பிறகு கட்டுரை.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் அங்கேயே முதலில் தாக்கல் செய்துவிடலாம் என்கிறார். கண்டுபிடித்தது நானும் அவரும்.
– முத்துப்பேட்டை

அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் இந்தியாவில் வசிப்பவர், அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் முதலில் தாக்கல் செய்யக் கூடாது என்ற பிரிவு 39 உங்களைக் கட்டுப்படுத்தும். இரண்டு வழி உண்டு. படிவம் 25-இல் அனுமதி கேட்டால் வழக்கமாக மூன்று வாரத்தில் வரும். அல்லது இங்கே தாக்கல் செய்துவிட்டு, ஆறு வாரம் கழித்து, ரகசியக் கட்டளை எதுவும் வரவில்லை என்றால் அங்கே போடலாம். இங்கே போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அங்கே போட்டால் முன்னுரிமை நாள் நிற்கும், அதாவது இங்கே போட்ட நாளே அங்கும் கணக்கு. இதை மீறினால் பிரிவு 40-இன்படி இங்குள்ள விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். அண்ணனுக்கு வாட்ஸப்பில் வரைபடம் அனுப்பியாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பியிருந்தால் அது அவரைத் தாண்டிப் போகவில்லை என்று இன்றே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.