வெடி கொளுத்தியும் கச்சானுக்குள்ள குரங்கு இறங்குதெண்டால்

ஒரு கமக்காரர் கேட்டிருந்தது இது: முல்லைத்தீவில முத்தையன்கட்டுப் பக்கம் அரை ஏக்கர் கச்சான். பேணி தட்டிப் பாத்தாச்சு, வெடி கொளுத்தியாச்சு, வெருளியும் கட்டியாச்சு. ரெண்டு நாள் ஓடுது, மூண்டாம் நாள் குரங்கு அசையுதில்லை. பயம் விட்டுப்போச்சோ?

பயம் விட்டுப்போகேல்லை. நீங்கள் படிப்பிச்சதை அது பிழையில்லாமல் படிச்சிருக்கு. சத்தத்துக்குப் பிறகு ஒண்டும் நடக்காது எண்டது ஒரு பாடம். பொறுத்திருந்தால் கச்சான் கிடைக்கும் எண்டது மற்றப் பாடம்.

முதலாவதுக்குப் பேர் பழகிப்போதல். 1966இல் தொம்சன், ஸ்பென்சர் எண்ட ரெண்டு ஆய்வாளர் இதின்ர இயல்புகளை ஒன்பதாக வகுத்தவை. அதில கமக்காரருக்கு வேண்டியது இவ்வளவு: அடிக்கடி வாற சத்தம் கெதியாப் பழகும், மெல்லிய சத்தம் இன்னும் கெதியாப் பழகும். கொஞ்ச நாள் விட்டால் பயம் திரும்பும், ஆனால் அடுத்தமுறை முந்தினதை விடக் கெதியாப் பழகிப்போகும். ஒரு கிழமை விட்டுக் கொளுத்தின வெடி நல்லா வேலை செய்யிற மாதிரித் தெரியிறது இதாலதான். எல்லாத்திலயும் கூடாத முறை, பேணியில தொடங்கிச் சின்ன வெடி, பிறகு பெரிய வெடி எண்டு படிப்படியாக் கூட்டுறது. ஆய்வுகூடத்தில எலிகளுக்கு மின்னதிர்ச்சியைச் சிறுகச் சிறுகக் கூட்டினபோது, எடுத்த எடுப்பில குடுத்திருந்தால் மறிச்சிருக்கக்கூடிய அளவையும் அதுகள் தாங்கிக்கொண்டு தீனுக்குப் போனதுகள்.

ரெண்டாவது பாடம் இன்னும் மோசம். பத்துத்தரம் கலைச்சு ஒருதரம் விட்டால், அந்த ஒருதரம்தான் குரங்கைத் திரும்பக் கொண்டுவரும். எப்பவும் கிடைச்ச பழக்கத்தை விட இடைக்கிடை கிடைச்ச பழக்கம் அழியக் கனகாலம் எடுக்கும். காவலை இறுக்கின முதல் நாளுகளில வரத்துக் கூடுறதும் வழமை. வேற வேலிப்பக்கம் பார்க்கும், நாயை ஒரு பக்கம் ஓடவிட்டு மற்றக் கரையால இறங்கும். அந்த நேரம் களைச்சுப்போய் விட்டியளெண்டால், இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தால் கிடைக்கும் எண்டதையும் படிப்பிச்சுப் போடுவியள்.

செய்யவேண்டியது: ஒரு சத்தத்தை மட்டும் எடுங்கோ. விசில் நல்லது, வேற எதுக்கும் அதை ஊதக்கூடாது. குரங்கு வரம்பைத் தாண்டினதும் ஊதி, ரெண்டு செக்கனுக்குள்ள ஆளும் நாயும் ஓடவேணும். ஊதிப்போட்டு ஓடாமல் விடவும் கூடாது, ஊதாமல் ஓடவும் கூடாது. 1968இல் உளவியலாளர் றெஸ்கோர்லா காட்டினது இதைத்தான்: தொனி கேட்டாலும் கேளாட்டிலும் மின்னதிர்ச்சி ஒரே அளவில வந்தால், எலி தொனிக்குப் பயப்பிடாது. நேரம் பிந்தினாலும் பலனில்லை. குரங்கு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காயைக் கன்னப்பைக்குள்ள அடைய ஒரு சில செக்கன் போதும். பாலை மரத்தில ஏறியிருந்து கோது துப்பேக்க கொளுத்துற வெடி, மரத்தில இருந்ததுக்குக் குடுத்த தண்டனையாத்தான் முடியும்.

வெருளியை உயிரோட வைச்சிருக்க ஒரு வழி இருக்கு. அதுக்குப் போட்ட அதே சேட்டையும் சாரத்தையும் காவல்காரர் போட்டுக்கொண்டு, வெருளி நிண்ட இடத்தில அசையாமல் நிக்கவேணும். குரங்கு செடியில கை வைக்கிற கணத்தில ஊதிக்கொண்டு பாயவேணும். அடுத்த ரெண்டு நாள் வெருளி, பிறகு ஆள், பிறகு ஒருநாள் வெருளி. ஒழுங்கு வைக்காதேங்கோ. பெண்டுகளும் அதே சேட்டோட முறைக்கு நிக்கவேணும். ஒரு ஆளுக்கு மட்டும் பயந்தால், அந்த ஆள் ரவுணுக்குப் போற நாளில கூட்டமா இறங்கும்.

கச்சானில மருந்து கலந்து வைச்சால் வெறுத்துப்போகும் எண்டு சொல்ல ஆக்கள் வருவினம். 1966இல் கார்சியா, கொலிங் எண்ட ஆய்வாளர் காட்டினவை உண்மைதான்: எலி வயித்துப்பிரட்டலைச் சுவையோடயும், அதிர்ச்சியைச் சத்தம் வெளிச்சத்தோடயும் முடிச்சுப்போடும். அதாலதான் எந்த வெடியும் கச்சானின்ர ருசியைக் கெடுக்காது. ஆனால் அளவறிஞ்சு செய்த ஆய்வுகூட வேலையை வளவுக்குள்ள நஞ்சால செய்யேலாது. நாய் சாகும், பிள்ளை எடுத்து வாயில வைக்கும். குரங்கை வதைக்கச் சொல்லுறனெண்டும் ஆரும் எடுக்கவேண்டாம். கல்லும் கண்ணியும் இதில ஒரு இடத்திலயும் இல்லை. யானையும் வெடிச்சத்தத்துக்கு இப்பிடித்தான் பழகிப்போகும், ஆனால் கலைச்சுக்கொண்டு ஓடுற வேலையை யானையிட்டக் காட்டினால் உயிர் போகும்.

இன்னொண்டு. வெடி கொளுத்தினதும் குரங்கு போகுது, உங்களுக்கு ஆறுதல் வருகுது, அடுத்தமுறையும் கை வெடிக்குத்தான் போகுது. தொல்லை விலகுறதால ஒரு செயல் பலப்படுற இதுதான் எதிர் மீளவலியுறுத்தல். இதைத் தண்டனை எண்டு ரியூசன் குறிப்புகளில எழுதிப் பாடமாக்க வைக்கிறதைப் பார்க்க நெஞ்சு நோகுது. தண்டனை செயலைக் குறைக்கும். மீளவலியுறுத்தல் நேரெண்டாலும் எதிரெண்டாலும் கூட்டும். வகுப்பில பிரம்பு ஓயாததுக்கும் காரணம் இதுக்குள்ளதான் கிடக்கு. அடிச்ச உடனே வகுப்பு அமைதியாகுது, அந்த அமைதி வாத்தியாரின்ர கையைப் பழக்குது.

கச்சான் 90–110 நாள் பயிர். முழு நாளுக்கும் ஆள் பிடிக்கேலாதெண்டால் விடியவும் பின்னேரமும் காவல் போடுங்கோ, ஆனால் காய் பிடிக்க முதலே தொடங்குங்கோ. ருசி கண்ட குரங்கை மறிக்கிறதை விட, காணாததை மறிக்கிறது லேசு. பிடுங்கின கச்சானைக் கொடியோட தோட்டத்தில இரா விடாமல், அண்டைக்கே ஆய்ஞ்சு வீட்டுக்குக் கொண்டுவந்திடுங்கோ.