52-ஆம் எண் ஜெர்சி: கடிதம்

வணக்கம் சார். நான் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். என் அலுவலகத்தில் ஒரு பெரியவர் வருடாவருடம் செப்டம்பர் 24 அன்று 52 எண் போட்ட, இந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸின் பழைய ஜெர்சியோடு வருவார். அந்த அணியில் ஆடிய மைக் வெப்ஸ்டர் இறந்த நாளாம். பேசும்போதே கண் கலங்கிவிடும். பந்தை எறிவதோ தூக்கிக்கொண்டு ஓடுவதோ அந்த ஆட்டக்காரரின் வேலையே இல்லையாம். அவருக்கு இவ்வளவு அழுகையா? வெறும் ரசிக மோகம்தானே? கோடிகோடியாகச் சம்பாதித்தவர்கள்தானே இவர்கள்? இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்குவது?

ச., பிட்ஸ்பர்க்

அன்புள்ள ச.,

ஆட்டவிதிகளை அந்தப் பெரியவரிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். கோடிக் கணக்கை நீங்கள் எழுதவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். வெப்ஸ்டர் 1974-இல் ஆட வந்தவர். கடைசிக் காலத்தில் தன் பிக்கப் வண்டியிலும் ரயில் நிலையத்திலும் படுத்துக் கிடந்தவர். கடிதம் எழுதும் முன் கொஞ்சம் தேடிப் படித்திருக்கலாம்.

பல வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் நண்பர் வீட்டுத் தொலைக்காட்சியில் இந்த ஆட்டத்தை முதலில் பார்த்தேன். என் கண் பந்தின் பின்னாலேயே போனது. "பந்தை விடுங்க சார், நடுவுல குனிஞ்சு நிக்கிறாரே, அந்த சென்டரை மட்டும் பாருங்க" என்றார் நண்பர். பார்த்தேன். குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுக்கிறார். அந்தக் கை முன்னால் திரும்புவதற்குள் எதிரே நிற்பவன் வந்து மோதிவிடுகிறான். தலைக்கவசத்தோடு தலைக்கவசம். எழுகிறார், மறுபடி குனிகிறார். அன்று யார் ஜெயித்தார்கள் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

வெப்ஸ்டர் இதை 17 பருவங்கள் செய்தார். ஆளைச் சாய்க்கும் பெரிய அடிகளை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். இவை ஆட்டத்திலும் பயிற்சியிலும் யாரும் எண்ணாத சின்ன மோதல்கள், ஆயிரக்கணக்கில். 2002-இல், 50 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பென்னட் ஒமலுவின் கண்ணுக்கு அந்த மூளை சாதாரணமாகத்தான் தெரிந்தது. அவர் விடவில்லை. மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது டாவ் என்ற புரதம் அப்பிக் கிடந்தது, தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதன் தடம். 2005-இல் ஆய்வுக்கட்டுரை வந்ததும், அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள், இந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீக் தலைக்காயங்களை ஆராய அமைத்த குழுவின் மருத்துவர்கள்.

இதில் என் வயிறு எரிவது வேறு இடத்தில். தலையில் பட்ட அடிகளால்தான் இவர் முடங்கிப்போனார் என்று லீக்கின் ஓய்வூதிய வாரியம் 1999-லேயே ஏற்றுக்கொண்டிருந்தது! கோப்பில் ஒன்று, ஊருக்கு ஒன்று. அப்படி ஏற்றுக்கொண்ட வாரியத்தோடு பாக்கிப் பணத்துக்காக அவர் குடும்பம் கோர்ட் படியேறி, மேல்முறையீடு வரை போராடித்தான் ஜெயித்தது.

ரசிக மோகமா என்றீர்கள். கடைசி வருடங்களில் கூடவே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒரு ரசிகரும் உண்டு. அவரைக் கும்பிடலாம். மற்றவர்களோடுதான் எனக்குச் சண்டை. 'இரும்பு மைக்' என்கிறார்கள். உறைபனியிலும் கையை மூடாமல் ஆடினார், வலி என்று வாயைத் திறந்ததில்லை என்கிறார்கள். அந்தப் புகழ்தானே ஐயா அவரை மறுபடி மறுபடி குனிய வைத்தது! செத்த பிறகும் அதையே சொல்லி அழுதால் எப்படி?

அடுத்த செப்டம்பரில் உங்கள் பெரியவரிடம் 1999 பற்றிக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் நீங்கள் சொல்லுங்கள். வெப்ஸ்டர் இருந்த அணி நான்கு முறை சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்த கதையை அவர் சொல்லட்டும்.