ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை நிறுவியபின் ‘மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்று வருகிறது. கோத்தகிரிக் குளிரில் டிஸ்க் போய்விட்டதா?

போகவில்லை. தயவுசெய்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

40 ஜிபி டிஸ்க்கில் முதல் 4 ஜிபி விண்டோஸுக்கு, மீதி ஃப்ரீபிஎஸ்டி 8-க்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுவும்போது ‘77545/16/63 என்ற ஜியோமெட்ரி தவறு’ என்று எச்சரித்து, நிறுவி நிரலே வேறு எண்களை எடுத்துக்கொண்டது. ஜியோமெட்ரி என்பது சிலிண்டர்/ஹெட்/செக்டர் எண்ணிக்கை: தட்டுகளில் ஒரே தொலைவில் உள்ள வட்டங்கள் சிலிண்டர், படித்து எழுதும் முனை ஹெட், வட்டத்தின் ஒரு துண்டு செக்டர். டிஸ்க்கின் லேபிளிலும் 16 ஹெட், 63 செக்டர் என்று இருந்ததால் பழைய எண்களையே நீங்கள் திரும்ப உள்ளிட்டீர்கள். சிக்கல் அங்கேதான்.

லேபிளில் உள்ள 16 வெறும் கணக்கு. அந்தச் சிறிய பெட்டிக்குள் 16 ஹெட் கிடையாது; 40 ஜிபி டிஸ்க்கில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 63-ம் அப்படியே. தட்டின் வெளிவட்டத்தில் செக்டர்கள் அதிகம், உள்வட்டத்தில் குறைவு. பிறகு ஏன் இந்த எண்கள்? கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரலான பயாஸ், டிஸ்க்கைப் படிக்கப் பயன்படுத்திய பழைய அழைப்பில் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டருக்கு 6 ஒதுக்கினார்கள். ஐடிஇ என்ற இணைப்பு முறையில் வந்த டிஸ்க்கோ ஹெட்டுக்கு 4 பிட் மட்டுமே வைத்தது. இரண்டுக்கும் பொதுவானது 1024/16/63. அதாவது 528 எம்பி. அதைத் தாண்ட, ஹெட் 255 என்று பயாஸ் சொல்லிக்கொள்ளத் தொடங்கியது; எல்லை 8.4 ஜிபி ஆனது.

எஸ்டேட்டில் லைனுக்கு 16 வீடு என்று ஒருவரும் 255 வீடு என்று இன்னொருவரும் எண்ணினால், ‘ஐந்தாவது லைன், மூன்றாம் வீடு’ என்ற முகவரி இருவரையும் வெவ்வேறு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். உங்கள் கணினியில் நடந்தது இதுதான். ஃப்ரீபிஎஸ்டி பகுதி தொடங்குவது ஏறத்தாழ 83,85,930-ஆவது செக்டரில் என்று வைத்துக்கொள்வோம். 255 ஹெட் கணக்கில் அது சிலிண்டர் 522. உங்கள் 16 ஹெட் கணக்கில் சிலிண்டர் 8,319, ஹெட் 6. பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையில் சிலிண்டருக்கு உள்ள 10 பிட்டில் 1,023-க்கு மேல் எழுதவே முடியாது. ஆகவே பயாஸ் வேறெங்கோ போய்ப் படிக்கிறது. இயங்குதளத்தைக் கிளப்பும் நிரல் உள்ள பூட் செக்டர் அங்கே இல்லை.

பயாஸ் அமைப்பில் டிஸ்க் ‘நார்மல்’ என்றோ ‘லார்ஜ்’ என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். 255 ஹெட் கணக்கில் போகும் ‘எல்பிஏ’ என்றுதான் இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறாக இருந்து விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறது என்றால், கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகே மாற்றுங்கள். அடுத்து, நிறுவியில் டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் எஃப்டிஸ்க் திரையில் ஃப்ரீபிஎஸ்டி பகுதியை மட்டும் அழித்துவிட்டு, ‘ஜி’ விசையை அழுத்தி 4865/255/63 கொடுங்கள். விண்டோஸ் பகுதியைத் தொட வேண்டாம். பிறகு பகுதியை மறுபடி உருவாக்கி, எந்த இயங்குதளத்தைக் கிளப்புவது என்று கேட்கும் பூட் மேனேஜரையும் புதிதாக எழுதச் சொல்லுங்கள். 2012-இல் வந்த 9.0 முதல் நிறுவியே மாறிவிட்டது. இந்தத் தொல்லை அதில் பெருமளவு இல்லை. கணினி தாங்கினால் அதற்கு மேற்பட்ட பதிப்புக்குப் போவதே நல்லது.

உயரத்தாலும் பனிமூட்டத்தாலும் டிஸ்க் கெட்டது என்று கடைக்காரர் சொன்னாராமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. குன்னூரிலும் ஊட்டியிலும் எந்தக் கணினி நின்றாலும் பழி பனியின் மேல் விழுகிறது. நல்ல டிஸ்க்குகள் குப்பைக்குப் போகின்றன. ஹெட் காற்றில் மிதந்துதான் படிக்கிறது, காற்று மெலிந்தால் அது தாழும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் டிஸ்க்குகளுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் வரம்பு 3,048 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

அப்படியும் சந்தேகம் இருந்தால், கணினி கிளம்பியதும் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிரலை நிறுவி ‘ரீஅலொகேட்டட் செக்டர்’ (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்) எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருந்து, டிஸ்க்கிலிருந்து விபரீதச் சத்தமும் வராவிட்டால் புதியது வாங்கக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியதில்லை.