டர்போ மேனிஃபோல்டு சூடு: துணி சுற்றலாமா?

கேள்வி: என் 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் கம்பெனி மேனிஃபோல்டை (என்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுப்பு) எடுத்துவிட்டு, வெளியே வாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் மேனிஃபோல்டு போட்டிருக்கிறேன். தேவகோட்டையிலிருந்து திருச்சி போய்த் திரும்பினால் பானெட்டில் கை வைக்க முடியவில்லை. ஆக்சிஜன் சென்சார் வயரின் மேலுறை இளகிவிட்டது. வெப்பத் துணி சுற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். சுற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சுற்றினால் என்ஜின் அறையில் சூடு குறையும், உண்மைதான். ஆனால் அந்தச் சூடு குழாயிலேயே தங்கி உலோகத்தை இன்னும் காய்ச்சும். கம்பெனியின் வார்ப்பிரும்பு கனமானது, தாங்கும். உங்களுடையது மெல்லிய குழாய். 304 ரக ஸ்டீல் என்றால் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். விரிந்து சுருங்கியே வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும், அது துணிக்குள் கண்ணுக்குத் தெரியாது. ஆயில் கசிந்து துணியில் ஊறினால் தீப்பிடிக்கும். எனக்குப் பெரிய பயம் இதுதான்.

முதலில் புகைக் கசிவு பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா, மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் இடத்தில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட்டின் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா? அப்படியானால் அங்கிருந்து ஊதும் புகை கேஸ் வெல்டிங் சுடர் மாதிரி ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும். கேஸ்கட்டை மாற்றி, நட்டுகளை என்ஜின் ஆறியபின் சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி: பழைய மேனிஃபோல்டின் மேல் இருந்த ஹீட் ஷீல்டு, அதாவது சூடு மறிக்கும் தகடு எங்கே? புதியதில் உட்காரவில்லை என்று கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். பாதி வினை அதில்தான். இந்தச் சூடு பெரும்பாலும் கதிராகப் பாய்கிறது. 600 டிகிரியில் இருந்த குழாய் 800 டிகிரிக்கு ஏறினால் கதிர்வீச்சு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். கதிரை மறிக்க ஒரு தகடு போதும். காரைக்குடியில் நல்ல பட்டறை ஒன்றில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டை வளைத்து, குழாயிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். தகடு குழாயைத் தொட்டால் பயனில்லை, இடையில் காற்று ஓட வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், குழாய்க்குப் பக்கத்தில் அது கூடாது. டர்போவில் புகை நுழையும் சுடுபக்கத்துக்கு மட்டும் அதற்கென்று வரும் பிளாங்கெட் (வெப்பம் தாங்கும் உறை) போடலாம். இளகிய வயரை மாற்றி, வெள்ளிநிற ஃபைபர் ஸ்லீவ் போட்டு, குழாயைவிட்டு எட்டக் கட்டுங்கள்.

சூடு வெளியேற வழியும் வேண்டும். நம் ஊர் வீடுகளில் வளவு (நடுமுற்றம்) வானம் பார்த்துத் திறந்திருப்பதால்தான் சித்திரை வெயிலிலும் உள்ளே உட்கார முடிகிறது. காரில் அந்த வேலையைச் செய்வது ரேடியேட்டர் வழியாக வந்து அடிப்பக்கமாக வெளியேறும் காற்று. ஏசி கண்டென்சரிலும் ரேடியேட்டரிலும் செம்மண் தூசி அடைத்திருந்தால் கழுவுங்கள். என்ஜினுக்கு அடியிலிருக்கும் தட்டைக் கழற்றிப் போடாதீர்கள், காற்று போகும் திசையே மாறிவிடும். பானெட்டில் துளை போடுவதானால் முன்கண்ணாடியை ஒட்டிப் போடாதீர்கள். ஓட்டத்தில் அங்கே அழுத்தம் அதிகம், காற்று உள்ளேதான் நுழையும்.

வண்டியை நிறுத்திய பிறகுதான் சூடு உச்சத்துக்கு ஏறும், காற்றோட்டம் நின்றுவிடுகிறதே. அதனால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். வீட்டில் பானெட்டைத் திறந்து வையுங்கள்.

எவ்வளவு குறைந்தது என்று லேசர் தெர்மாமீட்டரில் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பளபளக்கும் ஸ்டீலில் அது குறைத்துக் காட்டும். சூடு தாங்கும் கறுப்பு பெயின்டில் ஒரு பொட்டு வைத்து அதில் அளந்தால் கணக்கு சரியாக வரும்.

பெட்ரோல் ஹோஸையும் பிரேக் ஆயில் டப்பாவையும் இன்றே பாருங்கள். ஹோஸ் விறைத்து வெடிப்பு விட்டிருந்தால், அதை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.